என் கல்லீரலில் இரண்டு குடித்தனம்

ஒக்கலிபுரம் ரயில்வே பாலத்துக்குக் கீழே வந்த பிறகுதான் தப்பான திசையில் நடந்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. ஓசூர் ரோடு பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்து புறப்பட்டு, லால்பாக் மதில் ஓரமாக, மார்க்கெட் நெரிசலில் இடிபட்டு, காட்டன்பேட்டை வழியாக வந்து, மெஜஸ்டிக்கையும் ரயில் நிலையத்தையும் தாண்டியிருந்தேன். தோளில் பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை, சோப்பு டப்பா. காலையில் அதைக் கட்டும்போதே முடிவு செய்திருந்தேன். டாக்டரம்மா கெட்ட செய்தி சொன்னால் அறைக்குத் திரும்புவதில்லை. நேராக ரயிலடிக்குப் போய், முதலில் எது நகர்கிறதோ அதில் ஏறிவிடுவது.

அவர் சொன்னது நல்ல செய்தி. அதை என் கால்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவை பழைய உத்தரவுப்படியே நடந்துகொண்டிருந்தன.

நின்ற இடத்திலேயே சிரித்தேன். சும்மா சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் சிரிப்பு. கரும்பு பிழிந்துகொண்டிருந்தவர் சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஏனு சார், லாட்டரி விழுந்துச்சா?"

"அதுக்கும் மேலண்ணே. ஈரல் நல்லா இருக்குதாம்."

"யாரோடது?"

"என்னுதுதான்."

அவர் யோசித்துவிட்டு, "அப்ப இஞ்சி ஜாஸ்தி போடறேன்" என்றார்.

என் ஈரல் எப்படி ஆபத்தில் மாட்டியது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு பெஞ்சில் இருந்து தொடங்க வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு செய்யாற்றுப் பக்கம் பள்ளிக்கூடத்தை விட்டவன். தொண்ணூற்று ஒன்றில் பெங்களூர் வந்தேன். அடுகோடியில் லேத் பட்டறை, பிறகு ஒரு பேக்கரியின் அடுப்படி, பிறகு கிரில் வெல்டிங். எங்கேயும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை. சாப்பாடு இல்லாத நாட்கள் இருந்தன. அன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிடுவேன். சில வருஷம் போனதும், வளைகுடாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் மெடிக்கல் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தேன்.

முடிவு சொல்லும் நாளில் நீளமான பெஞ்சு முழுக்க ஆட்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட எழுந்து போனார்கள். எழுந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். கடைசியில் பெஞ்சின் இந்த முனையில் நான், அந்த முனையில் இன்னொருவன். நடுவில் யாரும் இல்லாததால் பெஞ்சு ஆடியது. அவன் ஆறடி உயரம், கருகருவென்ற தாடி நிழல், கோலார் தங்கவயல்காரன். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். இவன் பெயின்ட் அடிக்கப் பெங்களூர் வந்தவன்.

"இன்னா மச்சான், பிளேனு நம்ம ரெண்டு பேர உட்டுட்டுப் பறக்குதா?" என்றான். முன்பின் பார்த்திராத என்னை முதல் வார்த்தையிலேயே மச்சான் ஆக்கிவிட்டான்.

உள்ளே கூப்பிட்டு இருவருக்கும் ஒரே செய்தி சொன்னார்கள். ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்கிறது, ஈரலில் குடியிருக்கும் கிருமி, வெளிநாட்டு வேலைக்கு எடுக்க மாட்டார்கள். எப்படி வந்தது என்று கேட்டோம். ஊசியாக இருக்கலாம், பச்சை குத்தியதாக இருக்கலாம், பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் அங்கிருந்தவர். வெளியே அடுத்த கூட்டம் காத்திருந்தது. கிளம்பும்போது ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார். "சேர்ந்து சாப்பிடலாம், கை குடுக்கலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா ஷேவிங் பிளேடு, பல் பிரஷ் மட்டும் வேற யாருக்கும் குடுக்காதீங்க. ரத்தம் வழியாப் பரவும்."

அந்த உத்தரவை நாங்கள் கடைப்பிடித்த மாதிரி நாட்டில் யாரும் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள்.

ஜீவனஹள்ளியில் அவன் தங்கியிருந்த அறையில் எனக்கும் ஒரு பாய் கிடைத்தது, அவனோடு பெயின்ட் வேலையும் கிடைத்தது. கூட இருந்த மற்ற இருவரும் பெயின்ட் வேலைக்காரர்கள். அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நாங்கள் குறியாக இருந்தோம். எங்கள் ரேசரை ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு மூடி, மேலே சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, ஆணியில் உயரமாக மாட்டினோம். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. தொட வந்தவனை அவன் அடிக்கவே போனான்.

டப்பாவுக்குள் இருந்தது ஒரே ரேசர். ஒரே பிளேடு. அதில் நாங்கள் இருவரும் சவரம் செய்துகொண்டோம்.

முதல் நாள் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. "ஒண்ணையே ரெண்டு பேரும் போடலாமா?" என்று கேட்டேன்.

"ஏன்டா, முழுக்க நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு? உனக்கும் அதே சீக்கு, எனக்கும் அதே சீக்கு. நீ எனக்குப் புதுசா இன்னா குடுக்கப் போற?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவன் தாடி முள்கம்பி மாதிரி. புது பிளேடு அவனுக்குத்தான் வேண்டும். ஆகவே எப்போதும் அவன் முதலில். மழுங்கிய பிளேடு என் மெல்லிய தாடிக்குப் போதும். போதும் என்றாலும் கீறும். கன்னத்தில் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போவேன். வருஷக்கணக்கில் இப்படி நடந்தது. உலகத்துக்கு நோயைப் பரப்பாத இரண்டு யோக்கியர்கள் என்று எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

புது ஆயிரத்தாண்டு பிறந்து சில காலம் கழித்து ஒருநாள் காலை எனக்கு இட்லி வாசனை பிடிக்கவில்லை. என் வாழ்க்கையில் நடந்திராத சம்பவம் அது. இரண்டு நாளில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது. சாரத்தின் மேல் நின்று ஒரு வீட்டுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தபோது அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணுலயும் பெயின்ட் பூட்டுதாடா?" என்றான். துடைத்தேன். போகவில்லை.

தெருவில் எல்லாரும் வைத்தியர் ஆனார்கள். ஒருவர் கீழாநெல்லி என்றார். இன்னொருவர் தலையில் பற்றுப் போடும் ஆள் இருப்பதாகச் சொன்னார். அவன் யார் பேச்சையும் கேட்காமல் என்னை ஆட்டோவில் தள்ளி ஓசூர் ரோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கேதான் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தோம். கன்னடக்காரர். என்னைவிட வயதில் சிறியவராகத்தான் இருப்பார். ஈரல் கிருமியைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தமிழ் பேசுவார், இடையிடையே கன்னடம் வந்து விழும்.

என் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனவர், சில வாரம் கழித்து, புது சினிமாவுக்கு டிக்கெட் கிடைத்தவர் மாதிரி ஓடி வந்தார்.

"நோடி, உங்க ரத்தத்துல ரெண்டு விதமான பி வைரஸ் இருக்கு! ரெண்டு ஜாதி!"

பக்கத்தில் நின்ற என் நண்பன் முகம் சுருங்கியது. அவர்கள் வீடு பௌத்தர் வீடு. அந்தச் சொல் எங்கே கேட்டாலும் அவன் விடமாட்டான்.

"வைரஸ்ல கூட ஜாதி வெச்சிகிறானுங்களா மேடம்?"

டாக்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாரி, சாரி. டைப்! டைப்னு சொல்லலாம். ஒரே குடும்பம், ஆனா கொஞ்சம் கொஞ்சம் வேற. சாதாரணமா ஒரு ஆள்கிட்ட ஒரு டைப்தான் இருக்கும். உங்ககிட்ட ரெண்டு."

"ரெண்டாவது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னோம். ஊசி போட்டீங்களா, வேறு ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஷேவிங் எங்கே என்றார். நாங்கள் பெருமையோடு பெயின்ட் டப்பாவைப் பற்றிச் சொன்னோம். வேறு யாரையும் தொட விடுவதில்லை என்பதையும், சிவப்புப் பெருக்கல் குறியையும், உயரமான ஆணியையும் சொன்னோம். அவர் பேனாவை மேசை மேல் வைத்துவிட்டார்.

"முதல்ல ஷேவ் பண்றது யாரு?"

"அவன்தான் மேடம். தாடி கெட்டி."

"அவர் ரத்தமும் குடுக்கட்டும்."

அவன் ரத்தத்தில் ஒரே டைப்தான் இருந்தது. என்னிடம் புதிதாக வந்திருந்த டைப் அதுதான். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் தெரிகிறது என்றார் டாக்டரம்மா.

என் ரத்தத்தில் நடந்ததை அவர் பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். என்னிடம் முதலிலேயே இருந்தது சோம்பேறி. வருஷக்கணக்கில் ஈரலில் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது, அவ்வளவாகப் பெருகவில்லை. பெருகுவதற்கு வேண்டிய சாமான் எதிலோ அதற்குக் குறை. பிளேடு வழியாக வந்தது சுறுசுறுப்பான ஆள். வந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டான். அவன் தன்னைப் பெருக்கிக்கொள்வதற்காகச் செய்துவைத்த சாமான்களை இந்தச் சோம்பேறியும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. ஏணி இல்லாதவன் அடுத்தவன் ஏணியில் ஏறுவதை நான் சாரத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆக இரண்டும் சேர்ந்து பெருகின. என் ரத்தத்தில் வைரஸ் கணக்கு எங்கேயோ போய் நின்றது.

"அதுங்கதான் ஈரலைத் தின்னுதா மேடம்?"

"இல்ல. அதுதான் விசேஷம். வைரஸ் நேரா ஈரலை ஒடைக்கறது கம்மி. உங்க உடம்பே ஒடைக்குது. புதுசா ஒருத்தன் வந்துட்டான்னு உடம்புக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு. அவனை வெளியே தள்ள, அவன் இருக்கிற ரூமையே இடிக்குது. அதனாலதான் மஞ்சள்."

"வாடகைக்காரனைக் காலி பண்ண வீட்டுக்காரன் செவுத்தை இடிக்கிறானா?"

"அதே."

"இடிச்சு முடிச்சப்புறம் வீடு மிஞ்சுமா?"

"புஸ்தகத்துல ரெண்டு மாதிரியும் இருக்கு. சில பேருக்கு ரெண்டு டைப்பும் கூட்டு சேர்ந்து, ஈரல் சீக்கிரமா தழும்பு ஏறிக் கெட்டிப் பட்டுடுது. சில பேருக்கு ஒண்ணு இன்னொண்ணை அமுக்கி, கடைசில ரெண்டுமே அடங்கிடுது. உங்களுது எந்தக் கட்சின்னு பாக்கணும்."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் இருக்கும் ஒரு பொருளுக்கு ஆசைப்பட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் "வாங்க வாங்க" என்பார், ஊசியோடு.

என்னைவிட அதிகமாக உடைந்து போனவன் என் நண்பன். அறைக்கு வந்ததும் டப்பாவை ஆணியோடு பிடுங்கி எறிந்தான். "நான்தான்டா உனக்குக் குடுத்துட்டேன்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினான். ஆறடி ஆள் அழுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வந்தது, சிரித்தால் விலா வலித்தது. பிறகு அவன் ஒரு சபதம் எடுத்தான். என் ஈரல் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா வாயால் சொல்லும் வரைக்கும் அவன் முகத்தில் எந்த பிளேடும் படாது.

"வேண்டுதலாடா?" என்றேன்.

"யாருகிட்ட வேண்டறது? எங்க வூட்ல புத்தர். அவர்கிட்டப் போயி இத்தக் குடு அத்தக் குடுன்னா கண்ண மூடிகினு உக்காந்துப்பாரு. அதான் என் மூஞ்சி மேலயே நேர்ந்துகிட்டேன்."

அந்தத் தாடி வளர்ந்தது. கெட்டித் தாடி என்று சொன்னேன் அல்லவா, அது ஒரு வருஷத்தில் நெஞ்சைத் தொட்டது. வெள்ளை அடிக்கும்போது பாதித் தாடி வெள்ளையாகும். காக்ஸ் டவுனில் ஒரு வீட்டம்மா அவனை உள்ளே விட மறுத்து, என்னை மட்டும் வரச் சொன்னார். இன்னொரு வீட்டில் காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள். அவன் கையில் இருந்த சுண்ணாம்புத் தூளையே கொடுத்தான். தாடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் ஈரல் ஞாபகம் வந்தது. அதுதான் தொல்லை. ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரி என் நோய் இன்னொருத்தன் முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மஞ்சள் தானாக வடிந்தது. சாப்பாடு இறங்கியது. ஆனால் வீடு மிஞ்சியதா என்பது யாருக்கும் தெரியாது. கடைசியாக டாக்டரம்மா, விலா வழியாக ஊசி விட்டு ஈரலில் இருந்து ஒரு நூல் அளவு சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்தார்கள். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, அசையாதே என்றார்கள். நான் படுத்தபடி யோசித்தேன். தழும்பு ஏறியிருந்தால் நான் ஏணி ஏற முடியாமல் போவேன், வயிற்றில் நீர் கட்டும், இவன் என்னை உட்கார வைத்துச் சோறு போடுவான், தாடியை எடுக்கவே மாட்டான். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முடிவு அடுத்த வாரம்தான் வரும் என்று அவனிடம் பொய் சொல்லிவிட்டு, அந்தச் சனிக்கிழமை காலையில் பையோடு கிளம்பினேன்.

டாக்டரம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னார். "ஆய்த்து! தழும்பு ரொம்பக் கம்மி. ஈரல் மெத்துன்னு இருக்கு. ரத்தத்துல வைரஸ் எண்ணிக்கையும் அடி மட்டத்துக்குப் போயிடுச்சு. பழைய டைப் இப்ப கண்ணுக்கே படலை. புதுசும் அடங்கிடுச்சு."

"போயிடுச்சா மேடம்?"

"போகலை. தூங்குது. அரை வருஷத்துக்கு ஒரு தடவை வந்து அது எழுந்துச்சான்னு பாக்கணும். குடிக்கக் கூடாது. பிளேடு..."

"பிளேடு பத்தி நீங்க சொல்லவே வேணாம்."

"யாக்கே பை எல்லாம் எடுத்துட்டு வந்திருக்கீங்க? ஊருக்கா?"

"சும்மா மேடம்" என்றேன். அங்கேயிருந்து நடக்க ஆரம்பித்தவன்தான் ஒக்கலிபுரத்தில் போய் நின்றேன்.

கரும்புச் சாறு குடித்துவிட்டுத் திரும்பி ரயில் நிலையத்துக்கு ஓடினேன். சாயங்காலம் தங்கவயலுக்குப் போகிற வண்டி நின்றுகொண்டிருந்தது. அது ஜீவனஹள்ளி பக்கத்தில் ஈஸ்ட் ஸ்டேஷனில் நிற்கும். ஆக, கட்டிய பையும் வீணாகவில்லை, ரயிலில் ஏறுவதென்ற முடிவும் வீணாகவில்லை. தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள் பெட்டி முழுக்க இருந்தார்கள். நான்கு பேர் முழங்கால்களின் மேல் ஒரு துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அண்ணே, எனக்கு ஈரல் நல்லா இருக்குதுண்ணே."

சீட்டு பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "சந்தோசம்பா. யாருக்குக் கெட்டுப் போச்சு?"

நான் சொன்னேன். பி வைரஸ், இரண்டு டைப், பிளேடு, எல்லாம். பாதியில் எனக்கு எதிரே இருந்த மீசைக்காரர் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார். தள்ளி உட்கார இடமில்லாததால் ஓரத்தில் இருந்தவர் ஏறக்குறைய விழுந்தே போனார்.

"யோவ், எங்க தள்ளற?"

"ஒட்டிக்கினா?"

"பக்கத்துல குந்துனா ஒட்டாதுய்யா. ரத்தத்துலதான். என் பொண்ணுக்கு ஆஸ்பத்திரில அதுக்குன்னே தடுப்பூசி போட்டாங்க. உன் மீசைய அவன் பிளேடால எடுக்கப் போறியா? இல்லல்ல? இப்பிடி வா. சீட்ட எறக்கு, உன் ஆட்டம்" என்றார் சீட்டு பிரித்தவர்.

மீசைக்காரர் திரும்ப வந்தார். ஆனாலும் சீட்டைப் போடும்போது என் விரல்களைப் பார்த்துக்கொண்டே போட்டார். வேர்க்கடலைப் பொட்டலம் சுற்றி வந்தபோது எனக்கு இரண்டு பங்கு. "ஈரல் வளரட்டும்" என்றார் ஒருவர். கன்டோன்மென்ட் தாண்டுவதற்குள் பெட்டியில் முக்கால்வாசிப் பேருக்கு என் உடம்பின் உள்விவரம் தெரிந்துவிட்டது. ஈஸ்ட்டில் இறங்கியபோது ஜன்னலில் இருந்து கத்தினார்கள், "தாடிக்காரனுக்கு மொதல்ல சொல்லு!"

அவன் அறை வாசலில் உட்கார்ந்து பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தான். என் தோளில் பையைப் பார்த்தான். பிறகு உள்ளே துணிக்கொடியைப் பார்த்தான். அங்கே என் லுங்கி இல்லை. அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஓடப் பாத்தியாடா?"

"திரும்பி வந்துட்டேன்ல?"

"இன்னா சொன்னாங்க?"

"மெத்துன்னு இருக்குதாம்."

அவன் நம்பவில்லை. டாக்டரம்மா சொன்ன வார்த்தைகளை அதே வரிசையில் திரும்பச் சொல்லச் சொன்னான். கன்னடத்தையும் விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் எழுப்பினான்.

"ரெண்டுல எது போச்சு? உன்னுதா, என்னுதா?"

"என்னுதுதான் கண்ணுக்கே படலியாம். உன்னுதுதான் இருக்குது. தூங்குதாம்."

"அப்ப என் ஆளு உன் ஆள அடிச்சித் தொரத்திட்டானா?"

"அப்பிடித்தான் வெச்சிக்கயேன்."

அவன் முகத்தில் வெட்கமும் பெருமையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றதை அந்தத் தாடிக்குள்ளேயும் பார்க்க முடிந்தது. "வந்தவன் வூட்டுக்காரனையே தொரத்திட்டு, பாய விரிச்சிப் படுத்துட்டான் பாரேன்" என்றான். அப்புறம் என்னை மண்ணெண்ணெய்க் கையோடு தூக்கிச் சுற்றினான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "உடுடா, வெலா வலிக்குது" என்று நான் கத்த, அவன் பயந்து கீழே போட, நான் பிரஷ் டப்பா மேல் விழுந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் ரயில்வே கேட் பக்கத்தில் இருந்த சலூனுக்குப் போனோம். திரும்பும்போது பொதுக் குழாயில் குளித்துவிட்டு வரலாம் என்று, துணியும் சோப்பும் இருந்த பையைப் பிரிக்காமலே மாட்டிக்கொண்டேன். ஞாயிறு காலையில் அங்கே கூட்டம் நெரியும். சலூன்காரர் வாணியம்பாடிக்காரர், இரண்டு நாற்காலி வைத்திருந்தார். என் நண்பனின் தாடிக் கதை அவருக்கு முழுக்கத் தெரியும். அவனைப் பார்த்ததும் கத்தரிக்கோலை உயரத் தூக்கிக் காட்டினார்.

"வந்துட்டியாப்பா! இத்தினி நாளா என் தொழிலுக்கே அவமானம் நீ."

அவன் உட்கார்ந்தான். கத்தரிக்கோல் வேலை முடியவே கால் மணி நேரம் ஆனது. பிறகு சலூன்காரர் சோப்பு நுரை பூசி, கத்தியைக் கையில் எடுத்தார். முந்தைய ஆளுக்குப் போட்ட அரை பிளேடு அதிலேயே இருந்தது. கூட்ட நாளில் ஒரு அரை பிளேடு மூன்று நான்கு முகம் பார்த்துவிடும். எல்லாச் சலூனிலும் அப்போது அப்படித்தான்.

நானும் அவனும் ஒரே குரலில் கத்தினோம். "புதுசு!"

"இப்பத்தான்பா மாத்தினேன்."

"இவனுக்கு இருக்கறது அடுத்தவனுக்குப் போகும்ணே, அடுத்தவனுது இவனுக்கு வரும். வேணாம்" என்றேன். பெஞ்சில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குதானேன்னு ஒரே பிளேடு போட்டோம். ஒண்ணுக்கு ரெண்டாச்சு. ஒரு வருஷம் தாடி வளர்த்தான்."

சலூன்காரர் முணுமுணுத்துக்கொண்டே புதிதாக ஒன்றைப் போட்டார். தாடி போய், கீழே இருந்து ஒரு புத்தம் புது முகம் வந்தது. அதை நானே மறந்திருந்தேன். தாடையில் ஒரு குழி இருந்தது. அடுத்து உட்கார்ந்தவர் ஒரு பலசரக்குக் கடைக்காரர். சலூன்காரர் கத்தியோடு குனிந்ததும் அவர் கையைத் தடுத்தார்.

"எனக்கும் புதுசு போடுங்க."

"நீங்களுமா?"

அவருக்கு அடுத்தவரும் கேட்டார். ஒவ்வொரு முகத்துக்கும் சலூன்காரர் நுரைக் கையைத் துடைத்து, பொட்டலத்தைப் பிரித்து, பிளேடை ஒடித்து, பழையதைத் தூக்கிப் போட்டு, மறுபடி நுரை தொட வேண்டியிருந்தது. வரிசை தெரு வரைக்கும் போயிற்று. அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"கிளப்பி விட்டது நீதானே? நீயே நின்னு மாத்து!"

"மாத்தறேன். கூலி?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கே அந்தச் சீக்குன்னியே. உன்ன எப்பிடி பிளேடு தொட உடறது?"

"காகிதத்தோட ஒடிப்பேன், காகிதத்தோட நீட்டுவேன். விரல் படாது. பழசை நீங்களே டப்பாவுல தட்டிடுங்க."

"விரல் வெட்டிக்கினா?"

"அன்னிக்கு எனக்கு லீவு."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். என் நண்பன் கண்ணாடியில் தன் தாடைக் குழியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "சேத்துக்கங்கண்ணே. இவனுக்கு மேல பிளேடுக்குப் பயந்தவன் பெங்களூர்லயே கெடையாது" என்றான்.

பையை மூலையில், முடி படாத இடமாகப் பார்த்து வைத்தேன். ஒரு பவுடர் டப்பாவை எடுத்து, மூடியில் பிளேடு நுழைகிற அளவுக்குக் கீறி, சலூன்காரர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். அடுத்த ஆள் நாற்காலியில் சாய்ந்து, தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"ஏம்பா, புதுசுதானே?"

"பாருங்கண்ணே" என்று அவர் கண்ணுக்கு நேராக நீட்டி, காகிதத்தோடு சேர்த்து ஒடித்தேன்.